பெட்டிமேல் என் பேர்

தனகோட்டி செத்துட்டான்னு ஊரு பூரா ஒட்டி வச்சிருக்காங்க. பஸ் ஸ்டாப்புல, பால் சொசைட்டி சுவத்துல, எங்க வூட்டு எதிர்ல இருக்கிற வேப்பமரத்துல கூட ஆணி அடிச்சு மாட்டியிருக்கு. வீரவணக்கம், மு. தனகோட்டி, தோற்றம், மறைவு, எல்லாம் பெருசு பெருசா. தோற்றம்னு போட்டிருக்கிற தேதி நான் பொறந்த தேதி. பேரு என் பேரு. நான்தான் தனகோட்டி. இதோ எங்க வூட்டை ஒட்டி இருக்கிற பள்ளிக்கூட மைதானத்துல ஷாமியானாவுக்குக் கீழ பிளாஸ்டிக் சேர்ல குந்திக்கினு இருக்கேன். போட்டோவுல மீசையை முறுக்கிக்கினு சிரிக்கிறவன் என் தம்பி பரந்தாமன். கொடி போத்தின பெட்டிக்குள்ள இருக்கிறவனும் அவன்தான். இதை ஊருல சின்னது பெருசு எல்லாருக்கும் தெரியும். தாசில்தாருக்குத் தெரியாது, பட்டாளத்துக்குத் தெரியாது, மந்திரிக்குத் தெரியாது. மந்திரி இன்னும் வரல. எட்டு மணிக்குக் கேட்டா ஒம்போதுன்னாரு தாசில்தாரு. ஒம்போதுக்குக் கேட்டா பத்துன்னாரு. இப்ப பத்தரை. இனிமே கேட்டா மூஞ்சியக் காட்டுவாரு. எங்க வூட்டுப் பொணம், அவரு மூஞ்சியக் காட்டுவாரு. நல்லா இருக்குதில்ல? பக்கத்து ஊரு பசங்க லாரியில வந்து எறங்குறாங்க, "தனகோட்டி புகழ் ஓங்குக"ன்னு கத்துறாங்க. ஒவ்வொரு தடவையும் எனக்குக் கழுத்து தானா திரும்புது. சனியன் புடிச்ச கழுத்து. யாராச்சும் பேரச் சொன்னா திரும்பித்தானே ஆவும், முப்பத்தோரு வருசப் பழக்கம். எங்க ஊரு ஆளுங்க என் மூஞ்சியப் பாக்காம தரையப் பாத்துக்கினே கத்துறாங்க. அவங்களைச் சொல்லியும் குத்தமில்ல.

அம்மாதான் பெட்டிகிட்ட உக்காந்திருக்கா. முந்தானைய வாயில சொருகி அடைச்சுக்கினு இருக்கா. நேத்து சாயந்தரம் சேதி வந்ததுலேர்ந்து அவ அழல. அழ வுடல. சித்தப்பாதான் ஓடி வந்து சொன்னாரு, "அண்ணி, பேரச் சொல்லி மட்டும் அழாத. மகனேன்னு அழு, ராசான்னு அழு, எப்படி வேணா அழு. ஆபீசருங்க சுத்தி நிக்கிறாங்க, பேரு வெளிய வந்துச்சோ, பென்சன் போயி உன் மருமவ அமுலு கதி அதோகதி." அம்மா கேட்டா, "பேரு இல்லாம எப்படிப்பா அழுவுறது?" அவ கேட்டது சரிதானே. அம்மா எத்தினி சாவுல ஒப்பாரி வச்சிருக்கா, சுத்துப்பட்டு ஊருல இருந்து வந்து கூட்டிக்கினு போவாங்க. யாரு வூட்டுப் பொணத்துக்கும் பேர எடுத்துத்தான் ஆரம்பிப்பா. பேரு வந்தாத்தான் அடுத்த வரி வரும். பேரு இல்லாம ராசான்னு மட்டும் ரெண்டு தடவ சொல்லிப் பாத்தா, அடுத்த வரி வரல. அப்பறம் முந்தானைய எடுத்து வாயில வச்சவதான். சரி, போஸ்டர்ல இருக்கிற பேராச்சும் சொல்லி அழுன்னா, என் பேரச் சொல்லணும். உயிரோட எதிர்ல நிக்கிற மவன் பேரச் சொல்லி எந்தத் தாய்க்கு ஒப்பாரி வரும்? வராது. நானும் வேணாம்னுட்டேன். சொன்னா எனக்கே பயமா இருக்கும். வெக்கத்த விட்டுச் சொல்றேன், பயமாத்தான் இருக்கு, காலைல அந்தப் போஸ்டரு எதிர்ல நின்னு சட்டைப் பட்டனைத் தப்புத்தப்பா மாட்டிக்கினேன்.

எல்லாம் நாங்களே தேடிக்கினதுதான். நான் பத்தாவது பாஸ். அவன் பெயிலு, இங்கிலீசுல பதினேழு மார்க்கு. நான் ஆள் எடுக்கிற எடத்துக்குப் போனேன், மாரு ரெண்டு இன்ச்சு பத்தலன்னு சட்டையக் குடுத்து அனுப்பிட்டாங்க. அவனுக்கு மாரும் இருக்கு, காலும் இருக்கு, ஏரிக்கரையச் சுத்தி மூணு ரவுண்டு ஓடிட்டு வந்து மூச்சு வாங்காம சோறு கேப்பான். படிப்பு என்கிட்ட, ஒடம்பு அவன்கிட்ட. ரெண்டையும் சேத்தா ஒரு முழு ஆளு வருது. சித்தப்பாதான் கணக்குப் போட்டாரு, "இவன் சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கினு அவனை அனுப்புங்கடா. நம்ம பக்கம் யாரு அவன் அவன் பேருல போயிருக்கான்? அங்க போனா நம்பர்தான், பேரை எவன் கேக்குறான்?" பேரைக் கேக்கல, மச்சத்தைக் கேட்டான். பத்தாவது சர்ட்டிபிகேட்டுப் புத்தகத்துல அங்க அடையாளம்னு ஒரு எடம் இருக்குமே, அதுல என் வாத்தியாரு எழுதி வச்சிருந்தாரு, கழுத்தின் இடது பக்கம் ஒரு மச்சம்னு. என் கழுத்துல மொச்சக்கொட்டை அளவுக்கு இருக்கு. அவன் கழுத்து வழவழன்னு கெடந்தது. அப்பதான் துணி வெளுக்கிற பச்சையப்பன் வூட்டுல போயி சேராங்கொட்டை வாங்கியாந்தேன், வேட்டி துண்டுக்குக் குறி போடுவாங்களே, எத்தினி வெளுப்பு வெளுத்தாலும் போவாத குறி, அது. கொட்டையச் சூடு காட்டி, அந்தப் பாலை ஊசி முனையில தொட்டுத் தொட்டு நானே அவன் கழுத்துல வச்சேன். "எரியுதுடா அண்ணா"ன்னான். "பொறுத்துக்கடா, வேலை கெடைக்குது பாரு"ன்னேன். மறுநாளு கழுத்து பூரா பொங்கி, கொப்புளம் கொப்புளமா, தலையத் திருப்ப முடியாம மூணு நாளு கெடந்தான். அம்மா என்னை வெளக்குமாத்தால அடிச்சா. கொப்புளம் காஞ்சி உதிர்ந்தப்ப கறுப்பா ஒரு புள்ளி நின்னுச்சு. கண்ணாடியில பாத்துட்டு, "இப்ப நான் உனக்கு அண்ணன்டா"ன்னு சிரிச்சான். ரெண்டு வயசு மூப்பு காயிதத்துல ஏறிப்போச்சே, அதுக்குச் சிரிப்பு. ஊரு பூரா சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். சிரிச்ச வாய இப்ப அடைச்சுக்கினு நிக்கிறோம்.

காலைல ஆறு மணிக்கு அந்த மச்சத்தத்தான் காட்டுனாங்க. பெட்டி மேல தகரத்த ஒரு ஓரமா நகத்தினா உள்ள கண்ணாடி. மூக்குல பஞ்சு. ஒரு பக்கம் கன்னத்துல கட்டு. பெட்டிகூடவே வந்த பட்டாளத்துக்காரரு ஒருத்தரு, செல்லதுரைன்னு பேராம், கோயில்பட்டிப் பக்கமாம், பரந்தாமன்கூடவே ஒரே கம்பெனியில இருந்தவரு, காயிதத்த வச்சுக்கினு படிச்சாரு: கழுத்தின் இடது பக்கம் மச்சம். "பாத்துக்கோங்க தம்பி, சரியா இருக்கா?" தம்பியாம். அவருக்கு இருபத்தெட்டு இருந்தா அதிகம். நான் ஆமான்னு தலையாட்டினேன். நான் வச்ச மச்சம் எனக்குத் தெரியாதா? ஊசி கொஞ்சம் வழுக்கி ஒரு பக்கம் வால் மாதிரி இழுத்திருக்கும், அதுகூட அப்படியே இருக்கு. மூஞ்சி மாறிப் போச்சு, அது மாறல. கையெழுத்துப் போடுங்கன்னாரு. இறந்தவருக்கு என்ன உறவுன்னு ஒரு கட்டம். தம்பின்னு எழுதினேன். பேருன்னு ஒரு கட்டம். மு. பரந்தாமன்னு எழுதினேன். எழுதி முடிச்சப்பறம் பேனா அதுலேயே நின்னுபோச்சு, செல்லதுரை மெதுவா வாங்கிக்கினாரு. "அழுதுருங்க தம்பி, அடக்காதீங்க"ன்னாரு. எனக்கு அழுகை வரல, கோவம் வந்தது. யாரு மேலன்னு தெரியாத கோவம். அந்தக் காயிதத்தக் கிழிச்சு அவரு வாயில திணிக்கணும் போல இருந்தது, அவரு இன்னா பண்ணாரு பாவம்.

ஒம்போது வருசம். அவன் என் பேர எடுத்துக்கினு போனப்பறம் எனக்குன்னு இன்னா மிஞ்சுச்சு? ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டு அங்க. கண்டக்டர் வேலைக்கு மனுப் போடலாம்னா பத்தாவது பாஸ்னு காட்ட ஒண்ணும் கெடையாது. ஒரே ஆளு ரெண்டு எடத்துல வேலை பாக்க முடியுமா? தோல் பதப்படுத்துற ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டிகிட்ட நிக்கிறேன், அங்க பேரும் கேக்கமாட்டான், படிப்பும் கேக்கமாட்டான், கை ரெண்டும் இருந்தா போதும். நாத்தம் சோப்புப் போட்டாலும் போவாது. பொண்ணு பாக்கப் போன எடத்துல, "மிலிட்டரியில இருக்கிறது தனகோட்டின்னாங்களே, அப்ப நீங்க யாரு?"ன்னு கேட்டான் ஒருத்தன். நான் யாரு? எந்திரிச்சு வந்துட்டேன். தம்பி கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேரு தனகோட்டின்னுதான் அடிச்சோம், காயிதத்துக்குப் பத்திரிகை வேணுமே. நம்ம பொம்பளைங்களுக்குப் புருசன் பேரச் சொல்ற பழக்கம் கெடையாது, அமுலு தப்பிச்சா. கடுதாசி போட்டான்னா அதுவும் கூத்துதான். பிரிச்சுப் படிப்பாங்களாம் அங்க. அதனால "அன்புள்ள தம்பி பரந்தாமனுக்கு, உன் அண்ணன் தனகோட்டி எழுதுவது"ன்னு ஆரம்பிப்பான். "தம்பி, அம்மாவை நல்லா பாத்துக்கோ. தம்பி, சாராயக் கடைப்பக்கம் போவாதே. அண்ணன் சொல்வதைக் கேள்." எனக்குப் புத்தி சொல்வான் போக்கிரிப் பையன். எழுதறப்ப சிரிச்சுக்கினே எழுதியிருப்பான், எனக்குத் தெரியும். இந்த மே மாசம் வந்த கடுதாசிதான் கடைசி. "இங்கே மரம் என்று ஒன்று இல்லை தம்பி. கல்லு, கல்லுக்கு மேலே பனி. அமுலுவைத் தூக்கிச் சுமக்க விடாதே." அவ்ளோதான். அப்பறம் சித்தப்பா வூட்டு டி.வி.யிலதான் பாத்தேன் அந்தக் கல்லை. ஒரு மாசமா தினம் நியூஸு ஓடறப்ப டி.வி.கிட்ட போயி மூக்கு இடிக்க நின்னு பாத்தேன், மலை ஏறுறவனுங்க முதுகு தெரியும், மூஞ்சி தெரியாது.

கடைசியா லீவுல வந்தப்ப நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பொங்கலுக்கு வந்திருந்தான். அன்னிக்குத் தொட்டியில சுண்ணாம்பு தெறிச்சு எனக்குக் கால் வெந்துபோயி வந்திருந்தேன், அவன் புது பேண்ட்டு போட்டுக்கினு மாட்டுக்குக் கொம்புல பெயிண்டு அடிச்சுக்கினு இருந்தான். எனக்கு இன்னா தோணுச்சோ, "என் பேருல தின்னுக்கினு என்னாடா பவுசு?"ன்னுட்டேன். ஊரு கேட்டுச்சு. அவன் பெயிண்டு டப்பாவ கீழ வச்சான். திருப்பித் திட்டியிருந்தாலும் பரவால்ல. "எடுத்துக்கோண்ணா, நீயே போ. நான் தொட்டிகிட்ட நிக்கிறேன். எனக்கும் அலுத்துப்போச்சு. அங்க எவனாவது கூப்புட்டா வேற யாரையோ கூப்புடுறான்னு நெனைக்கிறேன், இங்க அம்மா கூப்புட்டாலும் சட்டுன்னு திரும்ப வரமாட்டேங்குது. நான் எங்கதாண்டா இருக்கேன்?"ன்னான். ராத்திரி ஒண்ணா உக்காந்து கறிச்சோறு தின்னோம், அதோட முடிஞ்சதுன்னு நெனச்சேன். மன்னிச்சுக்கடான்னு ஒரு வார்த்த சொல்லல நான். சொந்தத் தம்பிகிட்ட எவன் மன்னிப்புக் கேக்குறான், கேட்டா கிறுக்குப் புடிச்சுதான்னு சிரிப்பான். சிரிச்சிருந்தா இன்னா கொறைஞ்சா போயிருக்கும்?

தாசில்தாரு வராரு. மந்திரி வண்டி ஆரணி தாண்டிடுச்சாம். கையில டைப் அடிச்ச தாளு: மாலை வைப்பவர்கள், வரிசைப்படி. துப்பாக்கி மரியாதை. கொள்ளி, தம்பி திரு. பரந்தாமன். சித்தப்பா எட்டிப் பாத்துட்டு என் காதுல வந்து, "டேய், மூத்தவன் எளையவனுக்குக் கொள்ளி வைக்கக்கூடாதுடா, வம்சத்துக்கு ஆவாது. பங்காளி நான் இருக்கேன், நான் வைக்கிறேன்"ன்னு கிசுகிசுக்கிறாரு. "அதை அந்தாளுகிட்ட போயி சொல்லு"ன்னேன். சொல்ல முடியுமா? இவரு போட்ட கணக்கு, இவரே இப்ப கையப் பிசையிறாரு. இவரு சட்டையப் புடிச்சு நாலு அப்பு அப்பணும் போல இருக்கு, ஆனா அன்னிக்கு ஊசியப் புடிச்சது இவரு கையில்ல, என் கை. எந்திரிச்சு நின்னு ஒரே ஒரு வார்த்த கத்தினா போதும், அவன் தனகோட்டி இல்லடா, பரந்தாமன்டா, எங்கப்பன் முனிரத்தினம் பெத்த ரெண்டாவது புள்ளடான்னு. காலைலேர்ந்து பத்து தடவ எந்திரிச்சுட்டேன். எந்திரிச்சதும் வூட்டுக்குள்ள இருக்கிற அமுலு ஞாபகம் வந்து குந்திடறேன். ஏழு மாசம். மாசமா இருக்கிறவ பொணத்தப் பாக்கக்கூடாதுன்னு உள்ளயே வச்சிருக்காங்க. விடியக்காலைல ஜன்னல் வழியா என்னைக் கூப்புட்டா. கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடந்தது. "மாமா, உங்க மனசு எனக்குத் தெரியும். ஒண்ணும் பேசிடாதீங்க. வயித்துல இருக்கிறதுக்கு அப்பன் யாருன்னு நாளைக்குக் காயிதத்துலதான் காட்டணும்"ன்னா. அந்தக் காயிதத்துல இருக்கிறது என் பேருதானே அமுலு, நான் எப்படி உன் புள்ளைக்கு அப்பன் ஆவேன்? இதை அவகிட்ட கேக்க முடியுமா? அவளுக்கும் தெரியாமலா? பொறக்கப் போவுற புள்ள இனிஷியலு கூட தப்பா கெடக்கும், அது தலையெழுத்து. நாளைக்கு இந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல கல்லு நடப் போறாங்களாம். தனகோட்டி நினைவுத் தூண். தினம் ஷாப்புக்குப் போறப்ப என் சாவைப் பாத்துக்கினு போவணும், சாயந்தரம் திரும்பி வரப்ப இன்னொரு தடவ. பரந்தாமன்னு ஒருத்தன் இருந்ததுக்கு ஒரு எடத்துலயும் ஒரு எழுத்து இருக்காது. நான் செத்தா என்னை இன்னா பேரு போட்டு எரிப்பாங்க? அவன் பேரா? அவனுக்குன்னு இருந்த அந்த ஒரு பேரையும் நானே எடுத்துக்கினு போவணுமா? ச்சீ, இன்னா நெனப்பு இது, இன்னும் அவனையே எரிக்கல.

செல்லதுரை டீ கொண்டாந்து குடுத்தாரு. வேணாம்னேன். பக்கத்துச் சேரை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. மனுசன் நாலு நாளு தூங்கல போல, கண்ணு செவந்து கெடக்கு. "தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அம்மாகிட்ட சொல்ல எனக்குத் தைரியம் இல்ல"ன்னாரு. சொல்லுங்கன்னேன். "மேல ஏறுறப்பதான் அடிபட்டுச்சு. குண்டுச் சிதறல். ஒரு பாறைக்குப் பின்னால இழுத்துப் போட்டேன். கீழ எறக்க வழி இல்ல, தலையத் தூக்கினா சுடுறான். நல்லா வெயில் வர்ற வரைக்கும் உசுரு இருந்துச்சு. நான் பக்கத்துலயே கெடந்தேன். மயங்கிரக் கூடாதுன்னு, தனகோட்டி, டேய் தனகோட்டின்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தேன். அவன் வேணாம் வேணாம்னு தலைய ஆட்டினான். பரந்தாமன்னான். பரந்தாமன், பரந்தாமன்னு அதையேதான் சொன்னான். நான் தனகோட்டிங்கேன், அவன் பரந்தாமன்ங்கான். கடைசி வரைக்கும் அதான். அம்மாவக் கூடச் சொல்லல, சம்சாரத்தக் கூடச் சொல்லல. உங்க மேல அம்புட்டுப் பாசம் தம்பி அவனுக்கு. தம்பிய ஏதோ பாக்கணும்னு ஆசப்படுறான் போலன்னு நெனச்சு, ‘பரந்தாமன் வந்துருவான்டா, வந்துக்கிட்டே இருக்கான்டா’ன்னு சொன்னேன். அதுக்கப்பறம் ஒண்ணும் பேசல." அவரு கண்ணத் தொடைச்சாரு. என் கைய எடுத்து அவரு ரெண்டு கைக்குள்ள வச்சுக்கினாரு. அடப்பாவி. அடப்பாவி மனுசா. அவன் என்னைக் கூப்புடலய்யா. என்னைய எதுக்குக் கூப்புடுவான்? நீ கூப்புட்ட பேரு தப்புன்னு சொல்லியிருக்கான். பக்கத்துல கெடந்த ஒரே ஆளுகிட்ட, நான் யாருன்னு சொல்லிப் பாத்திருக்கான், சொல்லிச் சொல்லிப் பாத்திருக்கான், நீ வந்துருவான் வந்துருவான்னு சொல்லியிருக்கியே. இதை எங்க போயி முட்டிக்குவேன் நான். கத்தவும் முடியல, அந்தாளு கைய உதறவும் முடியல. நாலு நாளா தோளு கொடுத்துத் தூக்கிக்கினு வந்த கை அது.

அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. இந்த மனுசனுக்குப் பரந்தாமன்னா நான். தாசில்தாருக்கும் நான். அங்க நிக்கிற துப்பாக்கிக்காரங்க, போட்டோக்காரங்க, வரப்போற மந்திரி, எல்லாருக்கும் பரந்தாமன்னா உயிரோட இருக்கிற தம்பி. அப்ப அம்மா எவ்ளோ வேணா கூப்புடலாமே! பெத்தவ செத்தவனை நெனச்சு இருக்கிறவனைக் கூப்புடுறான்னுதானே நெனப்பாங்க? ஒருத்தனும் ஒண்ணும் கேக்கமாட்டான். இது ஏன் நேத்து ராத்திரியே யாருக்கும் தோணல? இத்தினி பேரு இருக்கோம், ஒரு முட்டாளுக்கும் தோணலயே. கையப் புடுங்கிக்கினு ஓடினேன். அம்மா பக்கத்துல முட்டி போட்டு, அவ வாயிலேர்ந்து முந்தானையப் புடிச்சு இழுத்தேன். எச்சில்ல நனைஞ்சு பிழிஞ்சா தண்ணி சொட்டும், அப்படிக் கெடந்தது. "அம்மா, பேரச் சொல்லி அழும்மா. அவன் பேரையே சொல்லு. ஒண்ணும் ஆவாது. நான்தான் பரந்தாமன்னு நெனச்சுப்பாங்க. அழும்மா." சித்தப்பா பாஞ்சு வந்தாரு, "டேய், இன்னாடா பண்றே?" "நீ சும்மா இரு சித்தப்பா"ன்னு ஒரு அதட்டு அதட்டினேன். அம்மா என் மூஞ்சியப் பாத்தா. புரிஞ்சுதா இல்லையான்னு தெரியல. அப்பறம் பெட்டி மேல ரெண்டு கையையும் வச்சா.

"ஏ பரந்தாமா"ன்னா. மொதல்ல கரகரன்னு, பாதிதான் வந்தது. மூச்ச இழுத்து மறுபடியும், "பரந்தாமா, எங் கண்ணே பரந்தாமா, ஏரிக்கரையில ஓடுன காலு எங்கடா பரந்தாமா"ன்னு எடுத்தா பாரு, ஷாமியானா கம்பமே ஆடுச்சு. சுத்தி நின்ன பொம்பளைங்க ஒரு நிமிசம் திகைச்சுப் போயி ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க, அப்பறம் அவங்களும் அப்படியே எடுத்துக்கினாங்க. வூட்டுக்குள்ளேர்ந்து அமுலு கொரலு வந்தது, அவளும் அந்தப் பேரச் சொல்றா, கல்யாணம் ஆன நாலு வருசத்துல மொத தடவையா புருசன் பேரச் சொல்றா. ஊரு ஆம்பளைங்க ஒவ்வொருத்தனா வந்து பெட்டியத் தொட்டு "பரந்தாமா, டேய் பரந்தாமா"ங்கிறாங்க. பச்சையப்பன் தலையில அடிச்சுக்கினு அழுவுறாரு. ரோட்டுல மந்திரி வண்டி சத்தம் கேக்குது. தாசில்தாரு ஓடி வந்து என் தோள்ல கைய வச்சு, நல்ல மனுசன் மாதிரிதான், "உங்களைத்தான் கூப்புடுறாங்க, பக்கத்துல போங்க பரந்தாமன், நீங்கதான் தைரியம் சொல்லணும்"னாரு. போனேன். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. எனக்கும் வாய் வரைக்கும் வந்துடுச்சு, டேய் பரந்தாமான்னு ஒரே ஒரு தடவ. ஆனா எதிர்ல செல்லதுரை நிக்கிறாரு, தாசில்தாரு நிக்கிறாரு, போட்டோக்காரன் நிக்கிறான். என் பேர நானே எப்படிக் கூப்புட்டு அழுவுறது? ஊரு பூரா அவனைக் கூப்புடுது, நான் ஒருத்தன்தான் பல்லக் கடிச்சுக்கினு நிக்கிறேன்.